படிவுப் பாறைகளின் மீள்பண்பும் ஊர்வும்: ஒரே ட்ரையாக்சியல் கலனுடன் ஏழு ஆண்டுகள்

எங்கள் பாறை ஆய்வகத்தில், பாறை உருளையை மேலிருந்தும் சுற்றிலும் அழுத்திச் சோதிக்கும் ட்ரையாக்சியல் கலனை ஏழு ஆண்டுகளாக நான் கையாண்டு வருகிறேன். 38 மி.மீ. விட்டமும் 76 மி.மீ. நீளமும் கொண்ட மணற்பாறை, களிப்பாறை உருளைகளையே பெரும்பாலும் இதில் சோதிக்கிறோம். மீள்பண்பை, அதாவது சுமை நீங்கியதும் பழைய வடிவுக்குத் திரும்பும் தன்மையைக் காட்டும் யங் குணகத்தையும் (விறைப்பு) பாய்சான் விகிதத்தையும் (நெடுக்கில் சுருங்கும்போது பக்கவாட்டில் விரியும் விகிதம்) அளப்பதில் கருவி முதல் மாதத்திலேயே நம்பிக்கை தந்துவிட்டது. ஊர்வை, அதாவது மாறாத சுமையில் பாறை மெல்ல மெல்ல உருமாறுவதை, அளக்கத் தகுந்ததாக அதை மாற்றுவதற்கோ இரண்டு ஆண்டுகள் பிடித்தன.

கணக்குப் போட்டுப் பார்த்தால் காரணம் விளங்கும். 15 கிகாபாஸ்கல் யங் குணகமுள்ள மணற்பாறையின் மீது 10 மெகாபாஸ்கல் தகைவை (பரப்பலகின் மீதான விசை) ஏற்றினால், உருளை ஏறத்தாழ 50 மைக்ரோமீட்டர் சுருங்கும். அதே தகைவை மாறாமல் பிடித்துக்கொண்டு இரவு முழுவதும் காத்திருந்தால் கிடைக்கும் ஊர்வு, எங்கள் மணற்பாறை மாதிரிகளில் ஒன்றிரண்டு மைக்ரோமீட்டரைத் தாண்டியதில்லை. நீள மாற்றத்தை அளக்கும் எல்விடிடி உணரியைத் தாங்கி நிற்கும் 150 மி.மீ. எஃகுத் தண்டோ, ஒரு டிகிரி செல்சியஸ் சூடேறினாலே 1.8 மைக்ரோமீட்டர் நீண்டுவிடும். இரவில் குளிர்சாதனத்தை அணைக்கும் வழக்கம் எங்களிடம் இருந்ததால், ஒவ்வொரு வரைகோட்டிலும் மாலையில் ஒரு மேடும் காலையில் ஒரு பள்ளமும் விழுந்தன. அவற்றைப் பாறையின் பண்பு என்றே பல வாரங்கள் நம்பியிருந்தோம். பாறைக்குப் பதிலாக அதே அளவில் கடைந்த எஃகு உருளையை வைத்து, அதே சுமையில் மூன்று நாள் ஓட்டிய பிறகுதான், அந்த மேடும் பள்ளமும் எஃகிலும் அப்படியே வருவதைக் கண்டோம். அன்று முதல் குளிர்சாதனம் இரவும் பகலும் ஓடுகிறது. கலனைச் சுற்றித் தெர்மாகோல் பெட்டி நிற்கிறது. வெப்பநிலை அளவீடு இல்லாத ஊர்வுத் தரவை நான் ஏற்பதே இல்லை.

திரிபை, அதாவது நீளம் மாறும் விகிதத்தை, அளக்கும் ஸ்ட்ரெயின் கேஜை மாதிரியின் மேலேயே ஒட்டுவது இன்னும் நல்ல வழி. ஆனால் உடனே பிடிக்கும் சயனோஅக்ரிலேட் பசை ஈரத்தில் நாளடைவில் தளர்வதால், ஒரு நாளைக்கு மேற்பட்ட சோதனைக்கு எப்பாக்சிதான் ஏற்றது. மணற்பாறையின் துளைகளை முதலில் மெல்லிய எப்பாக்சிப் பூச்சால் அடைத்து, தேய்த்துச் சமப்படுத்தாவிட்டால், கலனில் அழுத்தம் ஏறும்போது கேஜ் துளைக்குள் அமுங்கிப் பொய்யான திரிபைக் காட்டும்.

மாதிரியை உலர்த்துவதில் நான் செய்த தவறு இன்றும் உறுத்துகிறது. பெரம்பலூர்ப் பகுதியின் காரைக் களிப்பாறையில் ஜிப்சம் நரம்புகள் ஓடுகின்றன. வழக்கப்படி 105 டிகிரி அடுப்பில் ஒரு நாள் வைத்து எடுத்தபோது, கண்ணாடிபோல் மின்னிய நரம்புகள் சுண்ணாம்புத் தூளாக வெளுத்துக் கிடந்தன. களியும் படலம் படலமாக விரிந்துவிட்டது. படிகத்திலிருந்த நீரே வெளியேறிவிட்டதால், அதற்குப் பின் அளப்பது வேறொரு பாறையைத்தான். களிப்பாறையை இப்போது அடுப்பிலேயே வைப்பதில்லை. ஈரப்பதம் கட்டுப்படுத்திய மூடிய கலத்தில், எடை மாறாத நிலை வரும்வரை வைக்கிறோம்.

பாறை வழியே மீயொலியைச் செலுத்தி, அதன் வேகத்திலிருந்து குணகத்தைக் கணக்கிடும் மீயொலி அளவீடு இந்தக் கலனின் பலம். 1 மெகாஹெர்ட்ஸ் பீசோ படிகங்களில் (மின்துடிப்பை அதிர்வாக மாற்றுபவை) அழுத்த அலையான பி அலையின் வருகை தெளிவாகத் தெரிகிறது. சறுக்கு அலையான எஸ் அலைக்குப் படிகத்துக்கும் பாறைக்கும் இடையே கெட்டியான தேனைத் தடவுகிறோம். சறுக்கு அலையைக் கடத்த அது நன்றாகவே உதவுகிறது. இவ்வாறு பெறும் குணகம், சுமையேற்றிப் பெறுவதைவிட எப்போதும் கூடுதலாகவே வருகிறது. மீயொலி தரும் திரிபு மிகச் சிறியது என்பதால் நுண்விரிசல்கள் வழுக்குவதில்லை. சுமையில் அவை வழுக்கிப் பாறையை மென்மையாக்குகின்றன. சுமையைச் சற்றுக் குறைக்கும்போது தகைவு-திரிபு வரைகோட்டில் கிடைக்கும் சரிவு இரண்டுக்கும் இடையே நிற்பதால், மீள்பண்புக்கு நான் அதையே எடுத்துக்கொள்கிறேன்.

இக்கலனில் நெடுநாள் தீராதிருந்த குறை, அழுத்தம் தரும் பம்பு. மின்சாரம் ஒரு நொடி தடைபட்டாலும் அழுத்தம் சரிந்து, பத்து நாள் ஊர்வுச் சோதனை வீணாகிவிடும். விற்றவர்களிடம் பலமுறை சொல்லியும் தீர்வு வரவில்லை. கடைசியில் அழுத்தத்தைச் சேமித்து வைக்கும், நைட்ரஜன் நிரப்பிய அக்யுமுலேட்டர் ஒன்றைக் குழாயில் இணைத்த பிறகு, மின்தடையின்போதும் அழுத்தம் நிலைத்து நிற்கிறது.