ஹெர்ஷி அரங்கில் கரடிப் பொம்மை ஆட்டம்: நுழைவுச்சீட்டு வாங்கலாமா?

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், சாக்லேட்டுக்குப் பெயர்பெற்ற ஹெர்ஷி நகரின் ஜெயன்ட் சென்டர் அரங்கில் ஹெர்ஷி பேர்ஸ் ஐஸ் ஹாக்கி அணி ஆண்டுதோறும் நடத்தும் 'டெடி பேர் டாஸ்' (கரடிப் பொம்மை வீச்சு) ஆட்டத்தை, குளிர்காலத்தில் அப்பக்கம் செல்லும் எவருக்கும் தயங்காமல் பரிந்துரைப்பேன். உள்ளூர் அணி முதல் கோலை அடித்த கணத்தில், பார்வையாளர்கள் தாம் கொண்டுவந்த பஞ்சுப் பொம்மைகளைப் பனித்தளத்தின் மீது வீசுகிறார்கள். அவை திரட்டப்பட்டு, வட்டாரத் தொண்டு அமைப்புகள் வழியாகக் குழந்தைகளைச் சென்றடைகின்றன. 2025 ஜனவரியில் இவ்வாறு சேர்ந்தவை 1,02,343. அதற்கு முந்தைய ஆண்டில் 74,599. ஏறத்தாழ பத்தாயிரம் பேர் அமரும் அரங்கில் இவ்வளவு சேர்கிறது என்றால், ரசிகர்கள் மூட்டை மூட்டையாகச் சுமந்து வருகிறார்கள் என்றுதான் பொருள்.

இருக்கையைக் கவனித்துத் தேர்ந்தெடுப்பது நல்லது. மேல் அடுக்கிலிருந்து வீசும் பொம்மை பெரும்பாலும் பனியை எட்டாது. கீழே இருப்பவர்கள் அதை எடுத்து மீண்டும் வீசுவார்கள். தம் கையாலேயே பனியில் விழச்செய்ய விரும்பும் குழந்தைகளோடு செல்பவர்கள், விலை கூடுதலானாலும் கீழ் அடுக்கையே வாங்க வேண்டும். மேலிருந்து பார்க்கும்போதோ வெண்தளம் முழுவதும் பல நிறங்களால் மூடப்படுவது தெளிவாகத் தெரியும் என்பதால், குழந்தைகள் இல்லாதவர்களுக்கு மேல் அடுக்கே சிறந்தது.

குறை என்று சொன்னால், தளத்தைத் துப்புரவாக்கும் வரை ஆட்டம் நெடுநேரம் நின்றுவிடுகிறது. விறுவிறுப்பான ஆட்டத்தை மட்டும் நாடுபவர்கள் வேறொரு நாளைத் தேர்ந்தெடுக்கலாம். ஆனால் வீரர்களும் தொண்டர்களும் பொம்மைகளை அள்ளிச் சேர்க்கும் அந்த நேரமும் சீட்டின் மதிப்பில் அடங்கும் என்றே கருதுகிறேன்.

பனித்தளத்தில் பொருள் வீசும் வழக்கம் ஹாக்கியில் பழையது. 1952இல் டெட்ராய்ட்டில், வட அமெரிக்க ஹாக்கியின் ஸ்டான்லி கோப்பையை வெல்ல அன்று தேவைப்பட்ட எட்டு வெற்றிகளின் அடையாளமாக, எட்டுக் கைகள் கொண்ட ஆக்டோபஸை வீசினார்கள். ஒரே வீரர் மூன்று கோல் அடித்தால் தொப்பிகளை வீசுவது இன்றும் எங்கும் உண்டு. ஓர் உயிரினத்தின் உடலை வீசுவதை என்னால் ரசிக்க முடிவதில்லை. கனடாவின் கம்லூப்ஸ் நகரில் 1993இல் தொடங்கிய பொம்மை வீச்சு, ரசிகர்களின் அதே ஆரவாரத்தைப் பிறருக்குப் பயன்படும் கொடையாக்கியிருக்கிறது. ஆகவே அதையே உயர்வாக மதிக்கிறேன்.

புதிய, மின்கலமும் கடினமான பாகங்களும் இல்லாத பொம்மைகளாகப் பார்த்து முன்கூட்டியே வாங்கிச் செல்லுங்கள். முதல் கோல் எப்போது விழும் என்று யாராலும் சொல்ல முடியாதாகையால், ஆட்டம் தொடங்குமுன்பே இருக்கையில் இருங்கள்.