கைகேயியா, கூனியா?

இராமகாதையை வெறுக்கப்பட்ட ஒருத்தியின் பார்வையில் மீண்டும் சொல்ல முனைபவர் முன்னே கைகேயி, கூனி ஆகிய இருவரும் நிற்கின்றனர். கைகேயிக்காக வாதாடுவது எளிது. போரில் தசரதனைக் காத்துப் பெற்ற 2 வரங்களும், அவளை மணந்தபோதே அவள் மகனுக்கு அரசைத் தருவதாக மன்னன் வாக்களித்திருந்ததை வான்மீகத்தில் இராமனே பரதனிடம் எடுத்துரைப்பதும் அவளுக்குத் துணை நிற்கும்.

கூனிக்கு வரமும் இல்லை, வாக்கும் இல்லை. ஆயினும், முன்னொரு நாள் இராமனின் வில்லிலிருந்து வந்து தாக்கிய மண்ணுருண்டையை அவள் நெஞ்சில் வைத்திருந்ததைக் கம்பர் மறைக்கவில்லை. அது மட்டுமன்றி, சிறியவர் என்று எண்ணி எவரையும் நோகச் செய்யாதே எனச் சுக்கிரீவனுக்கு அறிவுரை கூறும் இராமன், அந்நெறியை மறந்து தான் இழைத்த தீமையால்தான் கூனி வழியே துயர்க்கடலில் வீழ்ந்ததாகத் தானே ஒப்புக்கொள்கிறான். அவையில் ஒரு சொல்லும் பேச இடமில்லாத பணிப்பெண்ணின் அந்த வலியையே நான் தேர்ந்தெடுப்பேன். கைகேயிக்காகப் பேசப் பரதனின் அரசுரிமையாவது உண்டு.