கொடை வீடியோவிலிருந்து வில்லுப்பாட்டை மட்டும் பிரிக்க: விஎல்சி, அவிடெமக்ஸ், ஆடாசிட்டி

திருநெல்வேலிப் பக்கத்துக் கொடைகளில் (ஊர்க் கோயில் திருவிழாக்களில்) வீடியோகாரர் கடைசியில் ஒரு பென்டிரைவைக் கொடுப்பார். அதில் வில்லுப்பாட்டு மட்டுமே மூன்று, நான்கு மணி நேரம் ஓடும். மும்பையிலும் வளைகுடாவிலும் இருக்கிற ஊர்க்காரர்கள் கேட்பது பெரும்பாலும் அந்தப் பாட்டைத்தான், படத்தை அல்ல. ஆடியோவைத் தனியே பிரிக்கக் காசு கொடுத்து எதுவும் வாங்க வேண்டாம். விஎல்சி, அவிடெமக்ஸ், ஆடாசிட்டி மூன்றும் இலவசம். விண்டோஸ், மேக், லினக்ஸ் எல்லாவற்றிலும் ஓடும். ஆனால் மூன்றும் ஒரே வேலையைச் செய்வதில்லை. இது தெரியாமல்தான் பல நல்ல பதிவுகள் பாழாகின்றன.

வீடியோ கோப்பு வெறும் உறைதான். உள்ளே படம் ஒரு தடம், ஒலி ஒரு தடம். அந்த ஒலி கேமராவிலேயே ஒருமுறை சுருக்கப்பட்டுவிட்டது: செல்போன் எம்பி4 என்றால் பொதுவாக ஏஏசி என்ற சுருக்க முறை, ஏவிசிஎச்டி வகை வீடியோ கேமராவின் எம்டிஎஸ் கோப்பு என்றால் பெரும்பாலும் ஏசி3 என்ற முறை. இதை எம்பி3 ஆக்குவது இரண்டாவது சுருக்கம். பிட்ரேட் (ஒரு நொடி ஒலிக்கு ஒதுக்கும் தரவின் அளவு) குறையக் குறைய முதலில் போவது உச்ச ஒலிகள். வில்லில் கட்டிய மணியும் ஜால்ராவும் தண்ணீருக்குள் இருந்து வருவதுபோல் சலசலக்கும். குடம் அடிக்கும் சத்தம் ஓரளவு தப்பிவிடும். அதனால் முதல் வேலை, ஒலித் தடத்தை உள்ளது உள்ளபடி நகலெடுப்பது. எம்பி3 அதற்கு அப்புறம், தேவைப்பட்டால் மட்டும்.

எல்லோர் கணினியிலும் இருப்பது விஎல்சி. மீடியா மெனுவில் கன்வர்ட்/சேவ் (கண்ட்ரோல், ஆர்), ஆட் அழுத்திக் கோப்பைச் சேர்த்து, புரொஃபைலில் 'ஆடியோ – எம்பி3' தேர்ந்து, சேமிக்கும் இடத்தையும் பெயரையும் கொடுத்து ஸ்டார்ட் அழுத்தினால் முடிந்தது. பெயரின் கடைசியில் புள்ளி எம்பி3 இருக்கிறதா என்று பாருங்கள். மூலக் கோப்பின் பெயரையே கொடுத்துவிடாதீர்கள். 'டிஸ்ப்ளே தி அவுட்புட்' கட்டத்தில் டிக் போட்டால் பாட்டு ஓடுகிற வேகத்திலேயே வேலையும் நடக்கும். நான்கு மணி நேரப் பாட்டுக்கு நான்கு மணி நேரம். குறை என்னவென்றால், இந்த புரொஃபைல் சொல்லாமலே மறுசுருக்கம் செய்கிறது, அதுவும் 128 கேபிபிஎஸ்ஸில். பக்கத்தில் உள்ள ஸ்பேனர் படத்தை அழுத்தி, ஆடியோ பகுதியில் பிட்ரேட்டை 192 ஆக்கலாம். ஐந்து நிமிட வாழ்த்துப் பாடலுக்கு விஎல்சி போதும். முழுக் கொடைப் பதிவுக்கு அதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். அதில் தவறாமல் பயன்படுத்த வேண்டியது ஒன்று உண்டு: டூல்ஸ் மெனுவில் கோடெக் இன்ஃபர்மேஷன் (கண்ட்ரோல், ஜே). உள்ளே இருப்பது ஏஏசியா, ஏசி3யா, எத்தனை சேனல் என்று அங்கே தெரிந்துவிடும்.

நகலெடுக்கும் வேலைக்கு எங்கள் தேர்வு அவிடெமக்ஸ். முதல் கோப்பைத் திறந்து, மற்றவற்றை ஃபைல் மெனுவில் அப்பெண்ட் மூலம் வரிசையாகச் சேருங்கள். ஏவிசிஎச்டி கேமராக்கள் நீண்ட பதிவை ஏறத்தாழ 2 ஜிபி துண்டுகளாக வெட்டிப் போடுவதால் இந்த வசதி மிக முக்கியம். எல்லாத் துண்டும் ஒரே கேமராவில், ஒரே அமைப்பில் எடுத்ததாக இருக்க வேண்டும். இல்லையென்றால் சேர்க்க மறுக்கும். இடப்பக்கம் ஆடியோ அவுட்புட் 'காப்பி' என்றே இருக்கட்டும். பாட்டு தொடங்கும் இடத்தில் ஏ குறி, முடியும் இடத்தில் பி குறி. பிறகு ஆடியோ மெனுவில் சேவ் ஆடியோ. கோப்பு நீட்சியை நீங்களே தட்டச்சு செய்யுங்கள்: ஏஏசிக்கு ஏஏசி, ஏசி3க்கு ஏசி3. மறுசுருக்கம் இல்லாததால் பெரிய பதிவும் சீக்கிரம் முடிந்துவிடும், தரம் இம்மியும் குறையாது.

இப்படி வரும் வெறும் ஏஏசி கோப்பில் மொத்த நேரக் குறிப்பு இருக்காது. சில பிளேயர்கள் தவறான நீளம் காட்டும், நடுவில் தாவினால் தடுமாறும். ஒலியில் பழுதில்லை, பயப்பட வேண்டாம். ஏசி3யைப் பல செல்போன்கள் பாடவே பாடாது. அப்போது நகலைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, அவிடெமக்ஸிலேயே ஆடியோ அவுட்புட்டை எம்பி3 லேம் ஆக்கி, கான்ஃபிகரில் 192 வைத்து இன்னொரு பிரதி எடுங்கள். 192இல் ஒரு மணி நேரம் சுமார் 86 எம்பி, 128இல் சுமார் 58 எம்பி. வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது டாக்குமெண்டாக அனுப்புங்கள்.

ஆடாசிட்டி பிரிக்கும் கருவி அல்ல, செப்பனிடும் கருவி. விண்டோஸில் எம்பி4 திறக்க எஃப்எஃப்எம்பெக் என்ற இலவச துணை மென்பொருளைத் தனியாக நிறுவ வேண்டும். 'திறக்க முடியவில்லை' என்று வருவதற்கு வழக்கமான காரணம் இதுதான். திறந்ததும் ஒலியை முழுக்க விரித்துவிடும். 48 கிலோஹெர்ட்ஸ் ஸ்டீரியோ நான்கு மணி நேரம் என்றால் சுமார் 5.5 ஜிபி. வட்டில் இடமில்லாத பழைய மடிக்கணினி அங்கேயே திணறும். அவிடெமக்ஸில் கதை கதையாக வெட்டிக்கொண்டு வந்தால் இந்தத் தொல்லை இல்லை.

ஆனாலும் ஆடாசிட்டியை விட்டுவிட முடியாது. காரணம், நம்ம ஊர்ப் பதிவுகளில் அடிக்கடி வரும் ஒரு கோளாறு. வீடியோகாரர் மைக்செட்காரரின் மிக்ஸரிலிருந்து வரும் வயரை இடது சேனலில் செருகுவார். வலது சேனலில் கேமரா மைக் கூட்டத்தின் சத்தத்தையும் வேட்டுச் சத்தத்தையும் பிடிக்கும். இதை அப்படியே மோனோ (ஒரே சேனல்) ஆக்கினால் இரண்டும் கலந்துவிடும். ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகிறது. மேடை ஸ்பீக்கர் பெட்டியிலிருந்து கேமரா 20 மீட்டர் தள்ளி இருந்தால் வலது சேனல் கிட்டத்தட்ட 60 மில்லிநொடி பிந்தும். புலவர் (வில்லிசைக் குழுவின் முதன்மைப் பாடகர்) பாடுவது கிணற்றுக்குள் பாடுவதுபோல் கேட்பது இதனால்தான். தடத்தின் பெயர் மெனுவில் 'ஸ்ப்ளிட் ஸ்டீரியோ டு மோனோ' கொடுத்து, இரண்டையும் தனித்தனியே கேட்டு, மிக்ஸர் தடத்தை வைத்துக்கொண்டு மற்றதை நீக்குங்கள். பிறகு ஒலி அளவைச் சீராக உயர்த்தும் நார்மலைஸை மைனஸ் 1 டெசிபலில் வைத்து, எக்ஸ்போர்ட்டில் எம்பி3 தேர்ந்தெடுக்கலாம். குடம் அடிக்கும்போதே கேமராவில் ஒலி உடைந்திருந்தால் எந்த மென்பொருளும் முழுதாக மீட்டுத் தராது. அடுத்த கொடையில் பதிவு அளவைக் குறைத்து வைக்கச் சொல்வதுதான் வழி.

ஆன்லைன் மாற்றித் தளங்கள் இந்த வேலைக்கு ஆகாது. பல ஜிபி கோப்பை ஏற்றவே பொழுது போய்விடும், பெரும்பாலானவை அவ்வளவு பெரிய கோப்பை வாங்கிக்கொள்வதும் இல்லை. கிடைத்த ஆடியோவை இணையத்தில் பொதுவில் போடுவதாக இருந்தால், முதலில் வில்லிசைக் குழுவிடம் கேட்டுவிடுங்கள். அது அவர்களின் பிழைப்பு.

டீக்கடைப் பாட்டுப் பெட்டிக்கோ ஆட்டோவுக்கோ பென்டிரைவ் போடுகிறவர்கள் அதை ஃபேட்32 ஆக ஃபார்மேட் செய்யுங்கள். எக்ஸ்ஃபேட் போட்டால் மலிவான பெட்டிகள் பல படிக்காது. பிட்ரேட் கான்ஸ்டன்ட் (மாறாத அளவு) ஆக இருக்கட்டும், பெயர்கள் 01, 02 என்று தொடங்கட்டும். சில பெட்டிகள் பெயர் வரிசையைப் பார்க்காமல் நகலெடுத்த வரிசையிலேயே பாடும். ஆகவே மொத்தமாக இழுத்துப் போடாமல், காப்புப் பாடலில் தொடங்கி ஒவ்வொன்றாக ஏற்றுங்கள்.