ஆஃப்ரோடு சாமானுக்கு "ஆன்டி தெஃப்ட் கிட்" மாட்டப் போகிறீர்களா? பெங்களூரில் எனக்கு ரூ.41,000 போச்சு

பெங்களூரில் தார், ஜிம்னி, கூர்க்கா என்று ஜீப் ரக வண்டி வைத்துக்கொண்டு வாரக் கடைசியில் சக்லேஷ்பூர் பக்கம் சேற்றில் இறங்குகிற நம்ம ஆட்கள் எல்லோரும் இதைப் படியுங்கள். எனக்கு ரூ.41,000 போய்விட்டது. கோபம் இன்னும் அடங்கவில்லை, எழுத்து முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கணக்கைச் சொல்லிவிடுகிறேன். சேற்றில் டயருக்கு அடியில் போடும் ரெக்கவரி போர்டு ஒரு ஜோடி 11,500. வண்டியை உயரத் தூக்கும் ஹைலிஃப்ட் ஜாக் 9,000. எரிபொருள் எடுத்துப்போகும் ஜெர்ரி கேனும் அதன் ஹோல்டரும் 6,000. இதெல்லாம் வண்டியின் ரேக்கிலிருந்து திருடு போகாமல் இருக்க ஒரு கடையில் மாட்டிய பூட்டு செட் (அதுதான் அந்த "ஆன்டி தெஃப்ட் கிட்"), கூலியோடு 14,500. ஆக 41,000. பொருளைக் காக்கப் போட்ட பூட்டையும் சேர்த்தே தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள்!

கடைப் பெயரைச் சொல்லப்போவதில்லை. ஆஃப்ரோடு சாமான் மட்டும் விற்று, அங்கேயே மாட்டியும் தருகிற கடை. பளபளவென்று ரீல்ஸ் போடுகிற ரகம். வாசலில் எப்போதும் நாலு பெரிய வண்டி நிற்கும்.

அவர்கள் நம்பவைத்த விதத்தைச் சொல்லியே ஆக வேண்டும். நான் போனில் வீட்டில் பேசிக்கொண்டிருந்ததைக் கேட்டுவிட்டு ஒரு தம்பி வந்தான். "அண்ணா, நமக்கு எந்த ஊரு?" தர்மபுரி என்றேன். "அட, நான் கிருஷ்ணகிரிண்ணா!" அவ்வளவுதான், டீ வந்தது, ஸ்டூல் வந்தது. மற்றவர்களுக்குக் காட்டும் மாடலைத் தள்ளிவைத்துவிட்டு, "நம்ம ஆளுக்கு இதைத்தான் கொடுப்பேன்" என்று உள்ளேயிருந்து இன்னொன்றை எடுத்து வந்தான். மாட்டி முடித்ததும் பூட்டை இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கியே காட்டினான். வண்டி ஆடியது, பூட்டு ஆடவில்லை. "வெட்டாம எடுக்க முடியாதுண்ணா. வெட்டினா அந்தச் சத்தத்துல தெருவே எழுந்திரும். மீறிப் போச்சுன்னா பொருளுக்கு நாங்க பொறுப்பு." இந்தக் கடைசி வாக்கியத்தை அவன் சொல்லும்போது பக்கத்தில் ஃபிட்டரும் தலையாட்டினான்.

யுபிஐயில் பணம் போட்டபோது கடைப் பெயர் வரவில்லை, யாரோ ஒரு ஆளின் பெயர் வந்தது. "ஓனர் மச்சான் அக்கவுன்ட்ணா." பில் கேட்டதற்கு, சிஸ்டம் ஹேங் ஆகிவிட்டது, சாயங்காலம் வாட்ஸ்அப்பில் வரும் என்றான். கையில் கொடுத்தது 'எஸ்டிமேட்' என்று போட்ட ஒரு துண்டுச்சீட்டு. பில் இன்றுவரை வரவில்லை.

இனி திருட்டு. எதிர்வீட்டு சிசிடிவியில் பார்த்தோம். ஸ்கூட்டரில் இரண்டு பேர். எதையும் வெட்டவில்லை, உடைக்கவில்லை. பக்கத்தில் படுத்திருந்த தெருநாய் தலையைக்கூடத் தூக்கவில்லை. பூட்டு இருந்தது போர்டுக்கும் பிராக்கெட்டுக்கும் நடுவில். பிராக்கெட்டை ரேக்கோடு பிடித்திருந்தது சாதாரண 8 எம்எம் போல்ட், தலை வெளியே. 13-ம் நம்பர் ஸ்பேனர் ஒன்று போதும். பிராக்கெட், பூட்டு, போர்டு எல்லாவற்றையும் ஒரே கட்டாகக் கழற்றிவிட்டார்கள். ஜாக்கும் கேனும் அப்படியேதான். நைலாக் நட்டு போட்டிருக்கிறோம் என்று பெரிதாகச் சொன்னார்கள். அது அதிர்வில் தானாகக் கழலாமல் இருக்கத்தான், ஸ்பேனர் வைத்தால் சமத்தாக வந்துவிடும். கதவுக்குத் திண்டுக்கல் பூட்டுப் போட்டுவிட்டு, கீல் திருகைத் தெருப்பக்கம் விட்ட கதை. இன்னொரு கூத்தும் உண்டு. மண்வெட்டியை மட்டும் ஏனோ விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். அதிலிருந்த பூட்டில், அதே கடையில் செட் வாங்கிய நண்பர் தன் சாவியைப் போட்டுப் பார்த்தார். திறந்தது. வாங்கியவனுக்கெல்லாம் ஒரே சாவி போல!

போன் செய்தேன். "அய்யய்யோ, என்னண்ணா சொல்றீங்க, ஓனர்கிட்ட பேசிட்டுக் கூப்பிடறேன்." கூப்பிடவில்லை. படங்களை அனுப்பினேன், நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. திரும்பக் கூப்பிட்டால் ஓனர் ஊரில் இல்லை. சரி என்று நேரில் போனேன். கிருஷ்ணகிரித் தம்பி என்னைப் பார்த்ததும் குடோனுக்குள் போனவன்தான், வெளியே வரவேயில்லை. மேனேஜர் என்று ஒருவர் வந்தார். தமிழும் வராது, கன்னடமும் வராது, இந்தியில்தான் பேச்சு. பூட்டு உடைந்ததா என்றார். இல்லை என்றேன். "அப்ப எங்க சரக்குல குறை இல்லையே சார்" என்கிறார்! பொருளுக்குப் பொறுப்பு என்று சொன்னீர்களே, 41,000 ரூபாய் என்றேன். நாங்கள் விற்றது பூட்டு மட்டும்தான் என்றார். சரி, அந்த 14,500-ஐயாவது கொடுங்கள் என்றேன். எஸ்டிமேட் சீட்டின் அடியில் பொடி எழுத்தில் இருந்ததை விரலால் காட்டினார்: விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது. அப்புறம், புது செட் போட்டால் பத்து சதவீதம் தள்ளுபடியாம். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு, வாசல் வரை நடந்ததே பெரிய விஷயம்.

ஸ்டேஷனில், இ-லாஸ்ட்டில் போட்டுக்கொள்ளச் சொன்னார்கள். அது கர்நாடக போலீஸ் தொலைந்துபோன பொருளுக்கு வைத்திருப்பது. தொலைக்கவில்லை, திருடினார்கள், வீடியோ இருக்கிறது என்று நின்று, எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். அங்கேயும் முதல் கேள்வி பில் எங்கே என்பதுதான். இன்சூரன்ஸ் ஏஜென்ட் ஒரே வரியில் முடித்துவிட்டார்: பிற்பாடு மாட்டிய சாமானைப் பாலிசியில் சொல்லி, மதிப்பைச் சேர்த்து, அதற்குப் பிரீமியம் கட்டியிருக்க வேண்டும்.

ரேக் சாமானைப் பாதுகாப்பது எப்படி என்று படத்தோடு விரிவாக எழுதுவதாக நண்பர்களிடம் சொல்லியிருந்தேன். இப்போது அதற்குப் பொறுமை இல்லை. அவசரமாகச் சிலது மட்டும். பூட்டைப் பார்க்காதீர்கள், பிராக்கெட்டைப் பிடித்திருக்கும் போல்டைப் பாருங்கள். தலையில் அறுகோணக் குழி உள்ள ஆலன் போல்ட் போட்டு, அந்தக் குழியில் பால்ரஸ் (பேரிங்) குண்டை அடித்து எம்-சீல் வைத்து அடைத்தால் சாதாரண ஸ்பேனர்காரனை நிறுத்தலாம். ஆனால் நீங்களே கழற்றவும் கஷ்டப்படுவீர்கள். இறுக்கியதும் தலை உடைந்து, ஸ்பேனருக்குப் பிடி கொடுக்காத ஷியர் நட்டு கிடைத்தால் இன்னும் நல்லது. வண்டி தெருவில் நிற்கிறதென்றால் போர்டும் ஜாக்கும் ராத்திரி வீட்டுக்குள். பின்கதவு ஸ்டெப்னிக்கு லாக் நட்டு, இன்றைக்கே. பில் வராமல் பணம் போகக்கூடாது. பில் தராமல் இருப்பதே 2019 நுகர்வோர் சட்டப்படி முறையற்ற வணிகம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணமும் கிடையாது.

அதே மாதிரிக் கடையில் இதே கிட் மாட்டியவர்கள் இருந்தால் பிராக்கெட் போல்டைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள், புகாரோடு சேர்த்துக்கொள்கிறேன். நுகர்வோர் உதவி எண் 1915-க்கு இப்போது போன் போடப் போகிறேன்.