ஒரு கணக்குப்பெட்டி கொள்ளும் அளவு: 20 மாதப் படிப்பு அனுபவம்

காரைக்குடிக்குப் பக்கத்தில், செட்டிநாட்டுப் பள்ளத்தூரில் எங்கள் பூர்வீக வீட்டில் இருந்துகொண்டு டிஎன்பிஎஸ்சி குரூப் 2 தேர்வுக்குப் படிக்கிறேன். பொருள்களைக் குறைத்து, அன்றாடப் பழக்கங்களையும் நாலைந்தாகச் சுருக்கிக்கொண்டு படிக்கத் தொடங்கி 20 மாதம் ஆகிறது. மினிமலிசம் பற்றி முதல் மாத உற்சாகத்தில் பேசுபவர்கள் நிறைய. நானும் அப்போதே எழுதியிருந்தால் தவறாக எழுதியிருப்பேன். முதல் மூன்று மாதம் நான் நம்பிச் செய்தவற்றில் பாதியை இன்று செய்வதில்லை.

முதலில் வீட்டைச் சொல்ல வேண்டும். முகப்பு, வளவு என்னும் நடு முற்றம், அதற்குப் பின்னால் இரண்டாம் கட்டு என்று நீண்டு போகும் வீடு. வளவைச் சுற்றிப் புள்ளிக்கு, அதாவது கல்யாணமான ஒரு குடும்பத்துக்கு, ஒன்றாக அறைகள். பங்காளிகள் சென்னையிலும் கோவையிலும் இருப்பதால் பல அறைகள் பூட்டியே கிடக்கின்றன. நானும் அப்பத்தாவும் மட்டும்தான் நிரந்தரவாசிகள். எங்கள் பங்குக்கு வந்த அறையில் அப்பத்தாவின் கல்யாணத்தில் பரப்பிய சாமான் அப்படியே இருக்கிறது. பித்தளை அண்டா, மங்குச் சாமான், மரவை என்கிற மரப் பாத்திரம், எவர்சில்வர் தூக்கு, கொட்டான் என்கிற ஓலைக் கூடை, தடுக்கு என்கிற சிறு பாய். அதற்கு நடுவே என் மேசை. மேசையில் மூன்று பயிற்சி மையங்களின் குறிப்புகள், ஆறு கைடுகள், பாதி எழுதிய நோட்டுகள். எதை எடுத்தாலும் இன்னொன்று கண்ணில் படும். வரலாறு படிக்கும்போது அரசியலமைப்பு கைடு உறுத்தும். அதை எடுத்தால் அறிவியல் உறுத்தும்.

சரி, எல்லாவற்றையும் குறைத்துவிடலாம் என்று இறங்கினேன். மூன்று வாரம் அதே வேலை. பழைய பேனாக்கள், ஜெராக்ஸ் கட்டுகள், துணிகள் எல்லாம் போயின. மேசை துடைத்துவிட்டாற்போல ஆனது. பார்க்கவே மனதுக்கு இதமாக இருந்தது. ஆனால் அந்த மூன்று வாரத்தில் நான் படித்தது இரண்டே பாடம். ஒரு நாள் காலையில் அப்பத்தா வளவில் உட்கார்ந்து காய் நறுக்கிக்கொண்டே கேட்டார்: “என்னத்தா, படிக்கப் போறியா, தூசி தட்டப் போறியா?”

அந்தக் கேள்வி சுருக்கென்று தைத்தது. ஒழுங்குபடுத்துவதும் படிப்பைத் தள்ளிப்போடும் ஒரு வழிதான். கை சுறுசுறுப்பாக இருப்பதால் மனசாட்சி குத்தாது, அவ்வளவே. எளிமையாக இருக்க ஆசைப்படும் மாணவர்களுக்கு என் முதல் எச்சரிக்கை இது. அறையைச் சுத்தம் செய்ய ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். அதற்கு மேல் எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இன்னொரு சிக்கலும் வந்தது. தாழ்வாரப் பத்தியில் கிடந்த இரண்டு பித்தளைக் குடங்களை இடைஞ்சலாக இருக்கிறதென்று இரண்டாம் கட்டுக்கு மாற்றினேன். நான்காம் நாள் சென்னையிலிருந்து ஒரு சித்தப்பா அப்பாவைக் கூப்பிட்டுவிட்டார், அவர் பங்குச் சாமானை நான் எப்படித் தொடலாம் என்று. அவர் கேட்டதில் தப்பில்லை. கூட்டு வீட்டில் எதுவும் தனியாக நம்முடையதல்ல. வேண்டாததை வெளியே தள்ளு என்று சொல்பவர்கள் தனி அறை, தனி வீடு உள்ளவர்களை நினைத்தே பேசுகிறார்கள்.

சேர்த்து வைப்பதே குற்றம் என்பதையும் நான் ஏற்கமாட்டேன். இங்கே பக்கத்திலிருக்கும் கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார் ஏறத்தாழ ஒரு லட்சம் நூல்களையும் இதழ்களையும் பிறவற்றையும் சேர்த்து வைத்தார். துண்டு அறிவிப்புகளைக்கூட விடவில்லை. அவர் காலத்துக்குப் பின் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்க, 1994இல் சென்னையில் அது ஆராய்ச்சி நூலகமானது. தமிழ் அச்சு வரலாற்றை ஆராய்பவர்கள் இன்று அங்கேதான் போகிறார்கள். அவர் வேண்டாததைக் கழித்திருந்தால் நமக்குத்தான் நட்டம். ஆகவே வீட்டைக் காலி செய்யும் எண்ணத்தை விட்டுவிட்டேன்.

வழி கிடைத்தது அந்த அறைக்குள்ளேயே. அண்டாவுக்குப் பின்னால் ஒரு தேக்குக் கணக்குப்பெட்டி இருந்தது. சாய்வான மூடி. அதன்மேல் தாளை வைத்து எழுதலாம், திறந்தால் உள்ளே நோட்டு வைக்கலாம். ஐயாவின் (தாத்தாவின்) அப்பா மலேயாவிலிருந்து திரும்பியபோது கொண்டுவந்ததாம். அப்பத்தா கிட்டங்கியைப் பற்றிச் சொன்னார். பினாங்கிலும் சிங்கப்பூர் மார்க்கெட் தெருவிலும் நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள், லேவாதேவி நடத்திய இடம் அது. ஒரே நீளக் கூடத்தில் பல கடைகள். ஒரு கடை என்றால் ஒரு பாய் விரிக்கும் இடம், ஒரு பெட்டி, எழுதுவதற்கு ஒரு தாழ்வான மேசை. பகலில் அங்கேயே கணக்கு, இரவில் அங்கேயே படுக்கை. பக்கத்துக் கடை ஒரு கை தூரத்தில். “அந்தப் பொட்டியைத் திறந்தா கடை, மூடினா கடை இல்ல” என்றார். ஊரிலே இத்தனை பெரிய வீட்டைக் கட்டியவர்கள், அதற்கான பணத்தை ஈட்டியது பாயகல இடத்தில் உட்கார்ந்துதான். இதை நான் அதுவரை யோசித்ததே இல்லை.

அன்றிலிருந்து என் படிப்பு அந்தப் பெட்டிக்குள் வந்தது. ஒரு பாடப் புத்தகம், ஒரு நோட்டு, இரண்டு கறுப்புப் பேனா, ஒரு பென்சில், அப்பாவின் பழைய கைக்கடிகாரம். மூடி மூட வேண்டும். மூடவில்லை என்றால் ஏதோ ஒன்று வெளியே போக வேண்டும். அவ்வளவுதான் விதி. அறையில் எத்தனை அண்டா இருந்தாலும் இப்போது எனக்குக் கவலையில்லை. தடுக்கை விரித்துப் பெட்டி முன்னால் உட்கார்ந்தால் கண்ணுக்கு முன் இருப்பது ஒரே புத்தகம்.

புத்தக விஷயத்தில் நல்ல முடிவு எடுத்தேன் என்றே நினைக்கிறேன். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாடு அரசுப் பள்ளிப் புத்தகங்கள்தான் அடிப்படை. முதல்நிலைத் தேர்வின் 200 கேள்விகளில் 100 மொழிப்பாடம், 75 பொது அறிவு, 25 திறனறிவு. தமிழை எடுத்தவர்களுக்குப் பள்ளித் தமிழ்ப் புத்தகத்தை விட்டால் வேறு கதி இல்லை. கைடுகளைப் புதுவயலில் இருக்கும் தோழிக்குக் கொடுத்துவிட்டேன். ஞாயிறுதோறும் பெட்டியில் புத்தகம் மாறும், நடு வாரத்தில் மாறாது.

காலையில் 4.45க்கு எழுந்து வாசல் தெளித்து, கோலம் போட்டு, நேராகத் தடுக்குக்கு வருவேன். கோலத்துக்கும் படிப்புக்கும் நடுவில் எதுவும் கிடையாது, காப்பிகூட முதல் 50 நிமிடத்துக்குப் பிறகுதான். இது தற்செயலாக அமைந்தது, ஆனால் இதுதான் நிலைத்தது. கோலப்பொடிக் கையைக் கழுவும்போதே மனம் புத்தகத்துக்குப் போய்விடுகிறது. சித்திரை, வைகாசியில் பகல் இரண்டு மணி முதல் நாலு மணி வரை படிக்க முயல்வதில்லை. ஆத்தங்குடிக் கல் பதித்த தரை குளிர்ச்சிதான், இருந்தாலும் எங்கள் ஊர் வெயிலில் அந்த நேரம் படிப்பது தலையில் ஏறாது. அப்போது தூங்குகிறேன்.

எல்லாவற்றிலும் அதிகப் பலன் தந்தது இரவுக் கணக்கு. செட்டிநாட்டில் பிள்ளைகளுக்கு அந்தக் காலத்தில் முதலில் கற்றுக்கொடுத்தது அன்றன்றைய வரவு செலவை அன்றே எழுதுவது. சிட்டை என்னும் நாள்குறிப்பில் எழுதி, பேரேடு என்னும் பெரிய கணக்கில் ஏற்றி, முடிவில் ஐந்தொகை என்னும் இருப்புக் கணக்குக் கட்டுவார்கள். நானும் ஒரு சிட்டை வைத்தேன். இன்று புதிதாகத் தெரிந்தது வரவு. வீணான நேரம் செலவு. புரியாதது பாக்கி. நாலைந்து வரிதான், பத்து நிமிடம் ஆகாது. சனிக்கிழமை இரவு ஐந்தொகை. அந்த வாரம் படித்ததைப் புத்தகம் பார்க்காமல் வெள்ளைத்தாளில் எழுதுவேன். எழுத வராதது எல்லாம் மறுபடி பாக்கிக்குப் போகும்.

முதல் ஐந்தொகை என்னை அழவைத்தது. ஆறு நாள் ஊன்றிப் படித்த சோழர் நிர்வாகத்தில் அரைப் பக்கம்கூட எழுத வரவில்லை. குடவோலை முறையும் உத்திரமேரூர்க் கல்வெட்டும் நினைவில் இருந்தன, வாரியங்களின் பெயர்கள் போய்விட்டன. எப்பிங்ஹாஸ் என்ற ஜெர்மானிய உளவியலாளர் 1885இலேயே இதைத் தன்னையே சோதித்து எழுதியிருக்கிறார். கற்றதில் பெரும்பகுதி முதல் சில மணி, சில நாள்களுக்குள் நழுவிவிடுகிறது, இடைவெளி விட்டுத் திரும்பப் படித்தால் தங்குகிறது. அதைப் படித்த பிறகு அழுகை நின்றது. மறப்பது என் குறையல்ல, திரும்பிப் பார்க்காததுதான் குறை. இப்போது ஒரு பாடம் மறுநாள், அடுத்த சனிக்கிழமை, மாதக் கடைசி என்று மூன்று முறையாவது திரும்ப வந்துபோகிறது.

போன். இதைப் பற்றி எல்லோரும் பேசியாயிற்று, நான் கண்டதை மட்டும் சொல்கிறேன். அமைதி நிலையில் வைப்பது, கவிழ்த்து வைப்பது இரண்டும் எனக்கு உதவவில்லை. இரண்டாம் கட்டில் ஒரு மரவைக்குள் வைத்து மூடியபோதுதான் மாற்றம் தெரிந்தது. 2017இல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஏட்ரியன் வார்டும் குழுவினரும் வெளியிட்ட ஆய்வில், போனை வேறு அறையில் வைத்தவர்கள் மேசையில் வைத்தவர்களைவிடக் கவனச் சோதனைகளில் நன்றாகச் செய்தார்கள். பின்னால் வந்த ஆய்வுகளில் சில அதே அளவு வேறுபாட்டைக் காட்டவில்லை. எனக்கு வளவைத் தாண்டி நடந்து போய் எடுக்கும் அந்த இருபது அடி தூரமே பாதுகாப்பு. பாதி வழியில் எதற்கு வந்தோம் என்று கேட்டுக்கொள்ள நேரம் கிடைக்கிறது. அவசரம் என்றால் அப்பா அப்பத்தாவின் பட்டன் போனுக்குக் கூப்பிடுவார்.

பழக்கம் ஒட்ட 21 நாள் போதும் என்று நானும் நம்பியிருந்தேன். அதற்கு எங்கள் வீட்டிலேயே ஓர் அளவுகோலும் உண்டு. திருக்கார்த்திகையிலிருந்து பிள்ளையார் நோன்பு வரை நாளுக்கு ஒரு நூல் இழையாக 21 இழை எடுப்போம். அப்பத்தா அதை ஒரு நாளும் மறந்ததில்லை. நானும் அந்த 21 நாளும் காலைப் படிப்பை விடவில்லை. நோன்பு முடிந்து இழை எடுத்துக்கொண்ட மறுநாள் ஏழு மணி வரை தூங்கிவிட்டேன். அதற்கடுத்த நாளும் அப்படியே. இனி தேறமாட்டேன் என்றே தோன்றியது. பிறகுதான் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலி குழு 96 பேரை வைத்துச் செய்த ஆய்வு கண்ணில் பட்டது. பழக்கம் இயல்பாகிச் சமநிலைக்கு வர 18 நாள் முதல் 254 நாள் வரை ஆகலாம், இடைநிலை அளவு 66 நாள். நடுவில் ஒரு நாள் விட்டுப்போனால் பெரிய பாதிப்பில்லை. எனக்கு ஏறக்குறைய நான்கு மாதம் ஆனது.

விட்டுப்போன நாள்கள் இன்னும் உண்டு. ஒரு பங்காளியின் சாந்திக்கு, அதாவது வயது நிறைவு விழாவுக்கு, வீடு நிறைந்தது. ஐந்து நாள் வளவெல்லாம் பந்தி, பாட்டு, பிள்ளைகள். பெட்டியைத் திறக்கவே இல்லை, திறக்க முயலவும் இல்லை. அத்தைமார்களோடு கொழுக்கட்டை பிடித்தேன். ஆறாம் நாள் கோலம் போட்டுவிட்டு உட்கார்ந்தபோது ஒன்றும் கெட்டுப்போயிருக்கவில்லை.

பிழையாகப் போனதையும் சொல்ல வேண்டும். ஒரே புத்தகம் என்ற விதி திறனறிவுக்குப் பொருந்தாது. அங்கே வகை வகையான கணக்குகளைப் போட்டுப் பார்த்தால்தான் கை பழகும். ஒரே நூலைத் திரும்பத் திரும்பப் போட்டு விடைகளை மனப்பாடம் செய்துவிட்டேன். முதல் முயற்சியில் முதல்நிலையிலேயே தவறியதற்கு அந்த 25 கேள்விகள் முக்கியக் காரணம். வாட்ஸ்அப் குழுக்களிலிருந்து மொத்தமாக விலகியதும் தப்பு. இரைச்சல் குறைந்தது உண்மை, ஆனால் சந்தேகம் கேட்க ஆளில்லாமல் பாக்கிப் பக்கம் நீண்டுகொண்டே போனது. இப்போது ஞாயிறு காலை காரைக்குடிக்குப் பஸ் ஏறி இரண்டு தோழிகளோடு மூன்று மணி நேரம் உட்காருகிறேன். அந்த வாரப் பாக்கி அங்கேயே தீர்கிறது. தனிமை படிப்புக்கு நல்லது என்று நினைத்திருந்தேன், எனக்கு அது வாரம் ஆறு நாளுக்குத்தான் சரிப்பட்டது.

இரண்டாம் முயற்சியில் முதல்நிலை தேறினேன். முழுக்கப் பெட்டியால்தான் என்று சொல்லமாட்டேன், கூடுதலாக ஓராண்டு படித்ததும் சேர்ந்துதான் இருக்கிறது. தேர்வறையில் தெரிந்த மாற்றம் இது: மூன்று மணி நேரமும் என்னால் உட்கார முடிந்தது. முன்பு ஒரு மணி நேரத்துக்குப் பிறகு கண் கேள்வியில் இருக்கும், மனம் வேறெங்கோ இருக்கும். இந்தத் தடவை 140ஆவது கேள்வியையும் முதல் கேள்வியைப் போலவே படித்தேன். தெரியாதவற்றுக்குப் பதற்றமில்லாமல் ‘விடை தெரியவில்லை’ கட்டத்தை நிரப்பினேன்.

தனி அறை இல்லாதவர்களுக்கு இந்த முறையை மனதார சிபாரிசு செய்வேன். தேக்குப் பெட்டிதான் வேண்டும் என்றில்லை. புதுவயல் தோழி வீட்டில் ஒரே கூடம், தம்பி தங்கை மூவர். அவள் மூடி போட்ட பெரிய கொட்டான் ஒன்றில் வைத்துக்கொள்கிறாள். தம்பி அதைத் தொடுவதில்லையாம், அக்கா கொட்டானைத் திறந்துவிட்டால் டிவி சத்தத்தையும் குறைக்கிறானாம்.

இப்போது முதன்மைத் தேர்வுக்குப் படிக்கிறேன். தமிழ்த் தகுதித் தாளும், பொது அறிவில் விரிவாக எழுதும் தாளும் இருக்கின்றன. விடை எழுதிப் பழகும் கோடு போட்ட தாள் நாளுக்கு எட்டுப் பத்து சேர்கிறது. நேற்று இரவு சிட்டை எழுதி முடித்துப் பெட்டியை மூடினால் மூடி அரை விரற்கடை தூக்கிக்கொண்டு நிற்கிறது. பழைய விடைத்தாள்களை எடுப்பதா, பொருளாதாரப் புத்தகத்தை எடுப்பதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. ஞாயிறு வரை நேரம் இருக்கிறது.