சவுத் டவுன்ஸ் வே சைக்கிள் பேக்கேஜ்: பணம் கட்டும் முன் வழிக் கோப்பைக் கேட்டு வாங்குங்கள்

இங்கிலாந்தின் தெற்கே சவுத் டவுன்ஸ் மேடுகளில் மூன்று நாள் மவுன்டன் பைக் பயணம். தங்குமிடம், பைகளை ஏற்றிப் போக வேன், வாடகை சைக்கிள் எல்லாம் ஒரே கட்டணத்தில். இப்படி ஒரு விளம்பரத்தைப் பார்த்துவிட்டு பணம் கட்டப் போகிறீர்களா? இதைப் படித்துவிட்டுக் கட்டுங்கள். நிறுவனத்தின் பெயரை நான் போடப்போவதில்லை. இதே பாணியில் இன்னும் சிலர் இருக்கலாம், எப்படிக் கவிழ்த்தார்கள் என்று தெரிந்தால் போதும்.

போனது நானும் அக்கா மகனும். தலைக்கு 575 பவுண்டு, அதற்கு மேல் சைக்கிளுக்கு முன்பணம் ஆளுக்கு 150. வழிகாட்டி கிடையாது, ஜிபிஎஸ் கோப்பு ஒன்று அனுப்புவார்கள், அதைப் பார்த்து நாமே ஓட்ட வேண்டும். விளம்பரப் படத்தில் செவன் சிஸ்டர்ஸின் வெள்ளைப் பாறை விளிம்பில் இரண்டு பேர் சைக்கிளோடு கடலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். பார்த்ததும் நான் விழுந்துவிட்டேன். பக்கத்திலேயே "மென்மையாக ஏறி இறங்கும் குன்றுகள், புதியவர்களுக்கும் ஏற்றது" என்ற வரி வேறு.

முதலில் அந்த "மென்மை" பற்றி. சவுத் டவுன்ஸ் வே வின்செஸ்டரில் தொடங்கி ஈஸ்ட்போர்னில் முடியும் 160 கிலோமீட்டர் பாதை. மேடு என்று பார்த்தால் இருப்பதிலேயே உயரமான பட்சர் ஹில்லே 270 மீட்டர்தான். ஆனால் மியோன், ஆருன், ஆடுர், ஊஸ், குக்மியர் என்று வரிசையாக ஆறுகள் அந்தச் சுண்ணாம்பு மேட்டை அறுத்துக்கொண்டு போகின்றன. ஒவ்வொரு ஆற்றுக்கும் பள்ளத்தாக்கின் அடி வரை இறங்கி, மறுகரையில் மறுபடி நூறு, இருநூறு மீட்டர் ஏற வேண்டும். மொத்த ஏற்றத்தைக் கூட்டினால் 3,500 மீட்டருக்குக் குறையாது. அதை மூன்றே நாளில் முடிக்கச் சொல்லிவிட்டு "புதியவர்களுக்கு" என்று போடுவது அநியாயம். சரி, விளம்பரம் என்றால் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார்கள் என்று இதை நான் விட்டுவிட்டேன்.

ஒன்பது மணிக்கு வர வேண்டிய வேன் வின்செஸ்டருக்கு வந்தது பத்தரைக்கு. என் சைக்கிளின் முன் பிரேக் லீவரை அழுத்தினால் கைப்பிடியைத் தொட்டது. வேன் டிரைவர் நாலு தடவை அழுத்திப் பார்த்துவிட்டு, "ஓட்ட ஓட்ட சரியாகிவிடும்" என்றார். அங்கேயே மறுத்திருக்க வேண்டும். ஒன்றரை மணி நேரம் ஏற்கெனவே போய்விட்டதே என்ற அவசரத்தில் கையெழுத்துப் போட்டேன். இது முழுக்க என் தப்பு.

மதியத்துக்குள் மருமகனின் பின் டயர் போனது. இந்த மேடு முழுக்க சிக்கிமுக்கிக் கல். உடைந்த துண்டு கண்ணாடிச் சில்லு மாதிரி கிழிக்கும். டியூப்லெஸ் டயர்தான், உள்ளே சீலன்ட் திரவம் இருந்திருந்தால் சின்ன ஓட்டையைத் தானே அடைத்திருக்கும். டயரைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே ஒரு சொட்டு ஈரமில்லை. காய்ந்து, தோல் உரிந்த மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. சீலன்ட் சில மாதங்களில் காய்ந்துவிடும், அவ்வப்போது ஊற்ற வேண்டும். இதில் எப்போது ஊற்றினார்களோ. அப்புறம் அவர்கள் கொடுத்த பையைத் திறந்தோம். சக்கரம் 29 இன்ச், பையில் இருந்த டியூப் 27.5. அந்த வழியாக வந்த ஒருவர் நின்று, "பரவாயில்லை, அது இழுபடும், போடுங்கள்" என்று கூடவே உட்கார்ந்து மாட்டிக் கொடுத்தார். அவர் சொன்னது சரி, அந்த டியூப் கடைசி வரை தாங்கியது. அந்த மனிதருக்கு இன்னும் நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இரண்டாம் நாள் பிக்னார் மேட்டில், சிச்செஸ்டரிலிருந்து லண்டன் போன ரோமானியச் சாலையான ஸ்டேன் ஸ்ட்ரீட் நம் பாதையைக் குறுக்கே வெட்டுகிறது. கைகாட்டி மரத்தில் லண்டனை லோண்டினியம் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். மேட்டுக்குக் கீழே, 1811இல் ஒரு விவசாயி உழும்போது ஏர் தட்டி வெளிப்பட்ட ரோமானிய மாளிகை. "நுழைவுக் கட்டணம் சேர்த்தி" என்று பேக்கேஜில் எழுதியிருந்தது. அவ்வளவு தூரம் இறங்கிப் போனால், எங்கள் பெயரில் எந்தப் பதிவும் இல்லை. அங்கே இருந்தவர்கள் பாவம், அவர்களுக்கு இப்படி ஒரு ஏற்பாடே தெரியாது. கைக்காசு போட்டு உள்ளே போனோம். தரையில் வண்ணக் கல் பதித்த மொசைக்கில் முக்காடு போட்ட குளிர்காலத்தின் முகம் ஒன்று இருக்கிறது. அதற்காகவே இன்னொரு தடவை போவேன், அது வேறு விஷயம். ஆனால் கீழே இறங்கி மறுபடி மேலே ஏறுகிற தூரம் அன்றைய கணக்கில் சேர்க்கப்படவே இல்லை.

ஏறிய களைப்பு ஆறுவதற்குள் பிரேக் கத்த ஆரம்பித்தது. ரப்பர் தேய்கிற சத்தம் இல்லை, இரும்பை அரத்தால் ராவுகிற சத்தம். நிறுவனத்துக்கு நாலு முறை அழைத்த பிறகு ஒருவர் எடுத்து, "பக்கத்தில் ஏதாவது கடையில் சரிசெய்து ரசீது வையுங்கள், பணம் தந்துவிடுகிறோம்" என்றார். கடைக்காரர் பேடைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார். தேயும் பகுதி முழுக்கப் போய், பின்னால் இருக்கும் தகடே பாதி தேய்ந்திருந்தது. பிறகு டிஸ்க்கைத் துடைத்து, அதில் பொறித்திருந்த எழுத்தைக் காட்டினார்: குறைந்தபட்சத் தடிமன் 1.5 மில்லிமீட்டர். காலிப்பர் வைத்து அளந்தார், 1.4. "இது ஒரு நாளில் தேய்வது கிடையாது" என்று ரசீதின் கீழே அவராகவே எழுதிக் கொடுத்தார். பின்னால் எனக்குக் கைகொடுத்தது அந்த ஒரு வரிதான்.

இதுவரை நடந்ததை அலட்சியம் என்று மன்னித்திருப்பேன். மூன்றாம் நாள் நடந்ததை அப்படி விட முடியாது.

ஆல்ஃப்ரிஸ்டன் கிராமத்தைத் தாண்டியதும் கோப்பு எங்களைக் குக்மியர் ஆற்றங்கரையோரம் திருப்பியது. அருமையான இடம், சமதளம். கொஞ்ச தூரம் போனதும் மருமகன் நின்றான்.

"மாமா, இவ்வளவு நேரம் அம்புக்குறி நீலமா இருந்துச்சு. இங்க மஞ்சளா இருக்கே?"

"எல்லாம் ஒண்ணுதான்டா, ஓக் விதைக் குறி அதே மாதிரிதானே இருக்கு, வா."

பையன் சொன்னதைக் கேட்டிருக்க வேண்டும். ஓக் விதைக் குறி இது தேசிய நெடும்பாதை என்று மட்டும்தான் சொல்லும். யார் போகலாம் என்பதைச் சொல்வது அம்பின் நிறம். நீலம் என்றால் பிரைடில்வே: நடப்பவர், குதிரை, சைக்கிள் மூன்றுக்கும். மஞ்சள் என்றால் ஃபுட்பாத்: நடப்பவருக்கு மட்டும். பிரைடில்வேயில் சைக்கிள் ஓட்டும் உரிமை 1968ஆம் ஆண்டு கிராமப்புறச் சட்டத்தில் வந்தது, அதிலும் நடப்பவருக்கும் குதிரைக்கும் நாம்தான் வழிவிட வேண்டும். ஃபுட்பாத்தில் அந்த உரிமையே கிடையாது.

இதெல்லாம் எனக்குத் தெரிய வந்தது எதிரே நாயோடு வந்த ஒரு பெரியவர் சொல்லித்தான். அவர் கோபப்படவில்லை. அதுதான் இன்னும் கூச்சமாக இருந்தது. சவுத் டவுன்ஸ் வே ஆல்ஃப்ரிஸ்டனில் இரண்டாகப் பிரிகிறதாம். நடப்பவர்களின் கிளை ஆற்றோரமாகப் போய் செவன் சிஸ்டர்ஸ், பீச்சி ஹெட் வழியாக ஈஸ்ட்போர்ன் போகிறது. சைக்கிளும் குதிரையும் போகும் கிளை உள்பக்கமாக விண்டோவர் மேட்டில் ஏறி, ஜெவிங்டன் வழியாக இறங்குகிறது. அதாவது விளம்பரப் படத்தில் இருந்த பாறை விளிம்பு, பேக்கேஜில் எதைக் காட்டி என்னை மயக்கினார்களோ அதே இடம், சைக்கிள் பாதையிலேயே இல்லை. நடப்பவர்களுக்கான கோப்பை எடுத்து அப்படியே சைக்கிள்காரர்களுக்கு விற்றிருக்கிறார்கள். அந்தக் கோட்டைப் பிடித்தே போயிருந்தால் ஃப்ரிஸ்டன் காட்டுக்குள் படிக்கட்டு வேறு இருக்கிறதாம்.

சைக்கிளைத் தள்ளிக்கொண்டே திரும்பினோம். விண்டோவர் ஏற்றம் முடிவதற்குள் மழை. நனைந்த சுண்ணாம்பு சோப்புத் தடவின மாதிரி வழுக்கும். பாதி தூரம் தள்ளித்தான் ஏறினோம். கீழே மலைச் சரிவில் கோட்டுருவமாக வரைந்த 72 மீட்டர் உயர மனித உருவம், வில்மிங்டனின் நெடியோன் (லாங் மேன்) இருக்கிறது, பேக்கேஜ் பட்டியலில் அதுவும் உண்டு. மிகப் பழையது என்று ரொம்ப நாள் நம்பினார்கள். 2003இல் ஆய்வு செய்தபோது பதினாறு, பதினேழாம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகத் தெரிந்தது. நாங்கள் போன பாதை அவன் தலைக்கு மேலாகப் போகிறது. அங்கிருந்து ஆள் தெரியமாட்டான், கீழே வில்மிங்டன் பக்கம் நின்றால்தான் தெரிவான். "மாமா, நெடியோன் எங்கே?" என்றான் மருமகன். "நம்ம காலுக்குக் கீழே" என்றேன். இருவருக்கும் சிரிக்கத் தெம்பில்லை.

ஐந்து மணிக்கு ஒப்படைக்க வேண்டிய சைக்கிளை ஆறரைக்கு ஒப்படைத்தோம். ஒரு வாரம் கழித்து மின்னஞ்சல்: தாமதக் கட்டணம் 40, பிரேக் சேதம் 85, ஃபோர்க்கில் கீறல் 60. முன்பணத்தில் பிடித்துக்கொண்டார்களாம். கடை ரசீதுக்கு ஒரு பதிலும் இல்லை. அவர்கள் கோப்பால் தாமதமாகி, அவர்கள் டிஸ்க் தேய்ந்ததற்கு நான் பணம் கட்ட வேண்டும்.

கேட்டபோது, "சைக்கிள் கொடுத்தது வேறொரு வாடகை நிறுவனம், எங்களுக்குப் பொறுப்பில்லை" என்றார்கள். இது செல்லாது. தங்குமிடத்தையும் பயணத்தின் முக்கியப் பகுதியான இன்னொரு சேவையையும் சேர்த்து ஒரே விலைக்கு விற்றால், 2018 பேக்கேஜ் பயண விதிகளின்படி விற்றவர்தான் மொத்தத்துக்கும் பொறுப்பு. விளம்பரத்தில் சொன்னதை நம்பி வாங்கினால் அந்த வாக்கும் ஒப்பந்தத்தில் சேரும் என்று 2015 நுகர்வோர் உரிமைச் சட்டம் சொல்கிறது. இரண்டையும் குறிப்பிட்டு எழுதினேன், பதில் வரவில்லை. நல்ல வேளை, கிரெடிட் கார்டில் கட்டியிருந்தேன். 100 பவுண்டுக்கு மேல் 30,000 வரையிலான வாங்கலுக்கு, 1974 நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவு கார்டு நிறுவனத்தையும் சமப் பொறுப்பாக்குகிறது. கடைக்காரரின் வரி, விளம்பரப் படத்தின் ஸ்கிரீன்ஷாட், வழிக் கோப்பு மூன்றையும் அனுப்பினேன். ஏழு வாரம் கழித்து முன்பணமும் ரிப்பேர் செலவும் திரும்பின. ஃபோர்க் கீறலுக்கு என்னிடம் அத்தாட்சி இல்லை, ஆனாலும் அதையும் சேர்த்தே தந்துவிட்டார்கள். அது அதிர்ஷ்டம். வேனிலிருந்து இறக்கும்போதே ஒரு நிமிட வீடியோ எடுத்திருந்தால் அதிர்ஷ்டத்தை நம்பியிருக்க வேண்டாம். டிஸ்க்கையும் உதிரி டியூபின் அளவையும் அந்த வீடியோவிலேயே பிடித்துவிடலாம்.

பேக்கேஜ் கட்டணத்தில் ஒரு பவுண்டு கூடத் திரும்பவில்லை. பயணத்தை எப்படியும் முடித்துவிட்டீர்களே என்றார்கள் கார்டு நிறுவனத்தில்.

விளம்பரத்தில் இன்றும் அதே பாறைப் படம்தான் இருக்கிறது, காலையில் பார்த்தேன். யாராவது கட்டப் போகிறீர்கள் என்றால், கட்டுவதற்கு முன்பே கோப்பை அனுப்பச் சொல்லுங்கள். பிரிட்டனின் அரசு வரைபட நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் வரைபடத்தில் 1:25,000 அளவில் அதை வைத்துப் பாருங்கள்: பச்சை நிறத்தில் நீளக் கோடுகளாக விட்டு விட்டு வந்தால் பிரைடில்வே, குட்டிக் கோடுகளாக வந்தால் ஃபுட்பாத். ஆல்ஃப்ரிஸ்டனுக்கு அப்புறம் கோடு ஆற்றோரம் போகிறதா, விண்டோவர் மேட்டில் ஏறுகிறதா என்று பார்க்க இரண்டு நிமிடம் போதும். கோப்பை முன்கூட்டித் தர முடியாது என்றால் அந்த ஆளிடம் வாங்க வேண்டாம்.