கடல் நண்டா, களி நண்டா? தண்ணி நண்டுல ஏமாந்தவன் சொல்றேன்

போன மாசம் மாமனார் மாமியார் வீட்டுக்கு வந்திருந்தாங்க. மாமனாருக்கு நண்டுன்னா உசுரு. மரியாதையா செய்வோம்னு ரெண்டு பெரிய களி நண்டு வாங்கினேன், ரெண்டும் சேர்ந்து ஒன்றரை கிலோ, கொடுக்கைக் கயித்துல கட்டி வச்சிருந்தும் வாயில நுரை தள்ளிக்கிட்டு முறைச்சுட்டு இருந்துச்சு. கடல் நண்டு விலையைப் போல மூணு மடங்கு. வீட்டுக்கு வந்து ஓட்டைத் தொறந்தா சளசளன்னு தண்ணி, அவ்வளவு பெரிய கொடுக்கை உடைச்சா உள்ள நூல் மாதிரி ஏதோ ஒட்டிட்டு இருக்கு. சாப்பிட்டு முடிச்சுட்டு மாமனார் "குழம்பு நல்லா இருந்துச்சு மாப்ள"ன்னார். குழம்பு நல்லா இருந்துச்சுன்னா என்ன அர்த்தம்னு உங்களுக்கே தெரியும்.

அதனால முதல்லயே சொல்லிடறேன், நான் இப்ப கடல் நண்டு கட்சி.

தெரியாதவங்களுக்கு: கடல் நண்டுன்னு நான் சொல்றது நீலக்கால் நண்டு, ஓட்டுக்கு ரெண்டு பக்கமும் ஊசி மாதிரி முள்ளு நீட்டிட்டு இருக்கும், ஆண் நீலமா இருக்கும், பெண் மங்கின பழுப்புப் பச்சை. ஓட்டுல மூணு புள்ளி இருக்கற முக்கண்ணு நண்டும், சிலுவைக் குறி போட்ட சிலுவை நண்டும் இதே கூடையிலதான் வரும், சமையல்ல பெரிய வித்தியாசம் இல்ல. களி நண்டு கழிமுகத்துலயும் அலையாத்திக் காட்டுச் சேத்துலயும் வாழறது, பிச்சாவரம், முத்துப்பேட்டை, பழவேற்காடு பக்கமெல்லாம் கிடைக்கும். ஓடு கரும்பச்சை, வழுவழுன்னு இருக்கும், நல்லா வளர்ந்தா ஒண்ணே ஒரு கிலோவைத் தாண்டும். கடல் நண்டு கிலோவுக்கு அஞ்சாறு நிக்கும்.

ருசி? கடல் நண்டு இனிப்பு, சதை மெல்லிசு, மிளகு போட்டு வறுத்தா போதும். களி நண்டு சதை கெட்டி, தேங்கா அரைச்ச குழம்புக்குத் தாங்கும். யாழ்ப்பாணத்துக்காரங்க முருங்கை இலை போட்டு வைக்கற நண்டுக் கறிக்கு நான் நீலக்கால்தான் போடுவேன், மசாலா உள்ள இறங்கும். களி நண்டுக் கொடுக்கை உடைக்க அம்மிக்குழவி வேணும், கடல் நண்டை என் பொண்ணு பல்லாலயே கடிச்சுடுவா. இதெல்லாம் அவங்கவங்க நாக்கு, சண்டை போட்டுப் பிரயோஜனம் இல்ல.

விஷயம் உள்ள சதை இருக்கா இல்லையாங்கறதுலதான். நண்டுக்கு எலும்பு வெளிய இருக்கு, ஓடுதான் எலும்பு. உடம்பு வளரணும்னா ஓட்டைக் கழட்டிப் போட்டே ஆகணும். கழட்டின உடனே புது ஓடு தோல் மாதிரி மெத்துன்னு இருக்கும், அது இறுகறதுக்குள்ள நண்டு தண்ணியை உறிஞ்சி உடம்பை ஊத வச்சுக்கும், அந்தப் பெரிய அளவுலயே ஓடு இறுகிடும். ஓடு இறுகறதுக்கு சில நாள் போதும், ஆனா அந்த ஓட்டுக்குள்ள சதை நிரம்ப வாரக்கணக்குல ஆகும். அந்த இடைவெளியில புடிச்சதுதான் தண்ணி நண்டு. வெளிய பாத்தா பயில்வான், தராசுலயும் தண்ணி எடை காட்டும், உள்ள ஒண்ணும் இல்ல.

இது ரெண்டு நண்டுக்கும் பொதுதானே, களி நண்டை மட்டும் ஏன் திட்டறேன்னு கேப்பீங்க. நியாயம்தான். ஆனா கடல் நண்டு கிலோவுக்கு ஆறுன்னா அதுல ஒண்ணு ரெண்டு தண்ணியா போனாலும் மிச்சம் நாலு இருக்கு. களி நண்டுல மொத்தக் காசும் ஒரே ஓட்டுக்குள்ள போகுது, லாட்டரிச் சீட்டு மாதிரி. அதுக்கு மேல, நல்லா சதை கட்டின களி நண்டு உசுரோட பெட்டியில ஏறி சிங்கப்பூர் பக்கம் போயிடும், ஏத்துமதிக்காரன் கழிச்சுக் கட்டறது, அதாவது தண்ணி நண்டு, ஒத்தக் கொடுக்கு நண்டு, சின்னது, இதுதான் பெரும்பாலும் நம்ம தெருவுக்கு வருது. அந்தத் தண்ணி நண்டையே வாங்கி தொட்டியிலயோ குட்டையிலயோ விட்டு, கழிச்ச மீனைப் போட்டு மூணு நாலு வாரத்துல சதை ஏத்தி விக்கறதே ஒரு தொழில். குஞ்சு பொரிக்கவே சீர்காழி பக்கம் தொடுவாயில ராஜீவ் காந்தி நீர்வாழ் உயிரின வளர்ப்பு மையம் பொரிப்பகம் வச்சிருக்கு. பண்ணை நண்டு நான் ரெண்டே தடவைதான் வாங்கியிருக்கேன், ரெண்டு தடவையும் ஏமாத்தல, ஆனா ரெண்டை வச்சு தீர்ப்பு சொல்ல மாட்டேன்.

கயிறு இன்னொரு கூத்து. ஈரக் கயித்தை நாலு சுத்து சுத்தினா அதுவும் நண்டு விலைக்குத்தான் எடை போடறான். அவுத்துட்டு எடை போடுன்னு சொல்லவும் முடியாது, அந்தக் கொடுக்குல விரல் மாட்டினா அவ்வளவுதான்.

வாங்கியே ஆகணும்னா ஊர்ல எங்க சித்தப்பா சொல்லித்தந்தது: திருப்பிப் போட்டு அடிப்பக்கம் கால் முளைக்கற இடத்துக்குப் பக்கத்துல கட்டை விரலால அழுத்தணும், அமுங்கினா வச்சுட்டு வந்துடு. வயிறு பளிச்சுனு வெள்ளையா, கீறலே இல்லாம இருந்தா ஓடு புதுசு, சந்தேகப்படு. துரு ஏறின மாதிரி அழுக்கா, ஓட்டுல பாசி ஒட்டியிருந்தா ஓடு பழசு, உள்ள சதை இருக்கும். அதாவது அழகா இருக்கறதை எடுக்காதே. அன்னிக்கு நான் பளபளன்னு இருக்கேன்னுதான் எடுத்தேன். அமாவாசை நண்டுல சதை இருக்கும், பௌர்ணமி நண்டு காலின்னு எங்க ஆயா சொல்லும், நான் கணக்கு வச்சுப் பாத்ததில்ல.

கடல் நண்டுக்கும் ஒரு குறை இருக்கு, அதை மறைக்கக் கூடாது. களி நண்டு செவுள்ல ஈரம் காஞ்சுடாம பாத்துக்கிட்டா, ஈரச் சாக்கு போத்தி வச்சா நாள் கணக்குல உசுரோட இருக்கும். கடல் நண்டு தண்ணியை விட்டு வந்தா சில மணி நேரம்தான். செத்ததும் அதோட செரிமானச் சாறே சதையைக் கரைக்க ஆரம்பிச்சுடும், அதான் பழைய நண்டு மாவு மாதிரி உதிருது. அதனால விடியக்காலைல சென்னை காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்குப் போனாதான் கடல் நண்டு, பதினோரு மணிக்கு எந்திரிச்சு தெருமுனைக் கடைக்குப் போறவங்களுக்கு நான் சொல்றது எதுவும் பொருந்தாது. காலைத் தூக்கினா தொங்கக் கூடாது, மோந்து பாத்தா அமோனியா வாடை, அதாவது மூத்திர வாடை, வரவே கூடாது. வாங்கினா ஐஸ், வீட்டுக்கு வந்ததும் கழுவல், மத்தியானத்துக்குள்ள அடுப்பு.

ரெண்டுக்கும் சேத்து ஒண்ணு. வயித்து மூடி குறுகலா இருந்தா ஆண், அகலமா வட்டமா இருந்தா பெண். ஓட்டுக்கு உள்ள ஆரஞ்சு கலர்ல இருக்கற சினை ருசி, ஆனா மூடிக்கு வெளிய பஞ்சு மாதிரி தொங்கற முட்டை மணல் கடிக்கற மாதிரிதான் இருக்கும், அதுல லட்சக்கணக்குல குஞ்சு இருக்கு, அதைக் காசு குடுத்து வாங்காதீங்க. உசுரோட இருக்கற களி நண்டை நேரா கொதிக்கற தண்ணில போட்டா காலையெல்லாம் உதுத்துடும், முதல்ல அரை மணி நேரம் ஐஸ்ல வச்சு மரத்துப் போக விடுங்க.

நேத்து காசிமேட்டுல ரெண்டு கிலோ நீலக்கால் வாங்கினேன், பதினொண்ணு நின்னுச்சு, அதுல ஒண்ணு மட்டும் தண்ணி. அதை ரசத்துல போட்டாச்சு. மாமனாருக்கு போட்டோ அனுப்பினேன், "களி நண்டு கிடைக்கலையா மாப்ள?"ன்னு பதில் வந்திருக்கு.